தேய்ந்ததா, உறைந்ததா?

ஐம்பது அறுபது ஆண்டுகள் பரணில் கிடந்த ஒரு தூண்டில் ரீலை எடுத்து, கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். அசையவே அசையாது, அசைந்தாலும் ஆறிப்போன களியைக் கரண்டியால் கிண்டுவதுபோல இறுக்கமாகச் சுழலும். நரம்பை வாரியெடுக்க வேண்டிய வளைகம்பி, திறந்த வாய் மூடாமல் தொங்கும். பார்த்தவர் வாயில் முதலில் வரும் சொல் ‘தேஞ்சு போச்சு’ என்பதுதான். பழைய இயந்திரம் எதுவானாலும் நாம் சொல்லும் ஒரே நோய்ப்பெயர் தேய்மானம். வயதானவர் எந்த வலியோடு வந்தாலும் ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று அனுப்பிவிடும் வைத்தியத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கொஞ்சம் யோசித்தால் இந்தத் தீர்ப்பு தன்னைத்தானே மறுக்கிறது. தேய்ந்தால் என்ன ஆகும்? உலோகம் குறையும், இடைவெளி கூடும், ஆட்டம் வரும். தேய்ந்த செருப்பு கழலும், தேய்ந்த அச்சு லொடலொடக்கும். இறுகிப்போன ரீலைத் தேய்ந்தது என்று சொல்வது, தளர்ந்த கயிற்றை முறுக்கேறியது என்று சொல்வதைப் போன்றது. அந்த இறுக்கத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் பெரும்பாலும் உலோகத்தில் இருப்பதில்லை, உலோகங்களுக்கு நடுவே இருக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

வளைகம்பி வைத்த இந்த வகை ரீல் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அதன் நோயும் புரியும். அதற்கு முன்பிருந்த ரீல்கள் கிணற்று ராட்டினம்போலத் தாமே சுழலும் உருளைகள். இரையை வீசும்போது நரம்பு இழுக்கும், உருளை சுழலும். இரை நீரில் விழுந்த பிறகும் உருளை நிற்காமல் ஓடினால் நரம்பு சிக்கிக் குருவிக்கூடாகிவிடும். ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்து பீட்டர் மல்லாக் 1884இல் ஓர் உபாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். வீசும் நேரத்தில் மட்டும் உருளையைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால், நரம்பு அதன் முனை வழியே சுருள்சுருளாகக் கழன்று போகும். 1905இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் அதைத் தலைகீழாக்கினார்: உருளை சுழலவே வேண்டாம், அது நிலையாக நிற்கட்டும், ஒரு கை அதைச் சுற்றிவந்து நரம்பைச் சுற்றட்டும். ஆலையில் நூல் சுற்றிய கட்டையின் முனை வழியாக நூல் உருவப்படுவதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் பிறந்தது என்பார்கள். அவர் பிராட்ஃபோர்டின் கம்பளி ஆலைக் குடும்பத்தவர் என்பதால் நம்பத் தடையில்லை. ஆனால் இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு விலை உண்டு. ஒரே கைப்பிடி இப்போது இரண்டு வேலை செய்ய வேண்டும்: தன் சுழற்சியைத் தொண்ணூறு பாகை திருப்பி, சுற்றிவரும் அந்தக் கையான ரோட்டருக்குக் கொடுக்க வேண்டும்; கூடவே, நரம்பு ஒரே இடத்தில் குவியாமல் பரவ, சுழலாத உருளையான ஸ்பூலை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் நாக்கு, மீன் இழுத்தால் விட்டுக்கொடுக்கும் டிராக், 1930களின் தொடக்கத்தில் ஹார்டி நிறுவனத்தின் அல்டெக்ஸ் ரீலில் வந்த முழு வளைகம்பி என்று உறுப்புகள் சேர்ந்துகொண்டே போயின.

இத்தனையையும் ஓர் உள்ளங்கைக்குள் அடக்கத் தெரிந்தவர்கள் யார்? கடிகாரம் செய்தவர்கள். உலகெங்கும் விற்ற மிட்செல் ரீல், பிரான்சின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள க்ளூஸ் என்ற ஊரில் கார்பனோ அண்ட் போன்ஸ் நிறுவனத்தில் பிறந்தது; வடிவமைத்தவர் மொரீஸ் ஜாக்மேன். 1848இலேயே கடிகாரப் பள்ளி தொடங்கப்பட்ட ஊர் அது. கார்டினல் ரீல்களைச் செய்த ஸ்வீடனின் ஆபு, ஸ்வெங்ஸ்டா என்ற சிற்றூரில் 1921இல் கார்ல் போர்க்ஸ்ட்ரோம் தொடங்கிய கடிகாரத் தொழிற்சாலை. பெயரிலேயே ‘கடிகார ஆலை’ என்பது ஒளிந்திருக்கிறது. சட்டைப்பை கடிகாரத்திலிருந்து டாக்ஸி மீட்டருக்குப் போய், அங்கிருந்து ரீலுக்கு வந்தார்கள். இந்த வம்சாவளியைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கடிகாரக்காரன் கை இடைவெளியை நெருக்கமாக வைக்கும். இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஒரு பசை இருந்தால், அது தரும் தடை பசையின் பாகுத்தன்மைக்கு ஏற்பக் கூடும், இடைவெளிக்கு ஏற்பக் குறையும். இடைவெளி பாதியானால் தடை இரட்டிப்பு. ஆகவே நேர்த்தியாகச் செய்த ரீலைத்தான் கெட்டுப்போன கிரீஸ் முதலில் பிடித்து நிறுத்தும். மட்டமாகச் செய்தது அதே கிரீஸிலும் லொடலொட என்று ஓடிக்கொண்டிருக்கும்.

கிரீஸ் எப்படிக் கெடுகிறது? கிரீஸ் தனிப் பொருளன்று. எண்ணெயைத் தாங்கி வைத்திருக்கும் ஒரு வகைச் சோப்பு. பஞ்சு நீரைப் பிடித்திருப்பதுபோல அது எண்ணெயைப் பிடித்திருக்கும். வேலை செய்வது எண்ணெய், சோப்பு அதைக் காக்கும் பாத்திரம். ஆண்டுகள் செல்லச் செல்ல எண்ணெய் கசிந்து போகும், பாத்திரம் மட்டும் மிஞ்சும். கசியாமல் நின்ற எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் அமிலமாகவும் பிறகு பிசினாகவும் மாறும். பத்துப் பாகை வெப்பம் கூடினால் இந்த வேதிவினை ஏறத்தாழ இரண்டு மடங்கு விரைவாகும் என்பது வேதியியலில் வழங்கும் தோராயக் கணக்கு. வெயில் காயும் கூரைக்கடியில் கிடந்த ரீல், அலமாரியில் இருந்ததைவிடச் சீக்கிரம் இறுகுவது அதனால்தான். செம்பு இந்த வினையைத் தூண்டிவிடும். பித்தளை, வெண்கலப் பல்சக்கரங்களைச் சுற்றியுள்ள பழைய கிரீஸ் பாசி பிடித்ததுபோலப் பச்சையாக இருப்பதைப் பார்க்கலாம். எண்ணெயின் அமிலமும் செம்பும் சேர்ந்து உருவான உப்புதான் அந்தப் பச்சை. மூடியைத் திறந்தவுடன் அதைப் பார்த்துப் பலர் மிரண்டு போகிறார்கள், பல்லையே அரித்துவிட்டது என்று. துடைத்துப் பார்த்தால் கீழே பல் முழுசாக இருக்கும். போனது மேற்பரப்பின் மினுமினுப்பு மட்டும். பயப்பட வேண்டிய நிறம் வேறு. பழைய கிரீஸை வெள்ளைத் துணியில் தேய்த்து வெயிலில் காட்டும்போது தங்கப்பொடி தூவியதுபோல மின்னினால் அது வெண்கலம், உண்மையாகவே பல் தேய்ந்திருக்கிறது. சாம்பல்நிறச் சேறாக இருந்தால் அலுமினியமோ துத்தநாகக் கலவையோ தேய்ந்திருக்கிறது.

திறக்காமலே நோயைக் கண்டறியவும் வழி உண்டு. இந்தக் கலையில் மிகவும் அழகான பகுதி என்று இதைத்தான் சொல்வேன். முதலில் ரீலைக் கொஞ்சம் சூடாக்க வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவியைச் சில நிமிடம் காட்டி, கையில் பிடிக்கக்கூடிய சூடு வந்தால் போதும். சூட்டில் இளகி நன்றாகச் சுழன்று, ஆறியதும் மறுபடி இறுகினால் குற்றவாளி கிரீஸ். உலோகத்தில் பழுதென்றால் இந்தச் சூட்டுக்கு அது மசியாது. அடுத்தது, தடை எங்கே வருகிறது என்று எண்ணுவது. கிரீஸின் தடை சுற்று முழுவதும் ஒரே சீராக இருக்கும், வேகமாகச் சுற்றினால் கூடும். பழுதின் தடை ஒரே இடத்தில் முட்டும். கைப்பிடி ஒரு சுற்றுக்கு ரோட்டர் நான்கு சுற்று சுற்றும் ரீல் என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடி ஒரு முறை சுற்றும்போது ஒரு முறை முட்டினால் பழுது பெரிய பல்சக்கரத்திலோ அதன் அச்சிலோ இருக்கிறது. நான்கு முறை முட்டினால் சிறிய பல்சக்கரத்தில், அல்லது ரோட்டர் வளைந்து எங்கோ உரசுகிறது. ஸ்பூல் முன்னே போய்த் திரும்பும் முனையில் மட்டும் முட்டினால் முன்பின் அசைக்கும் அமைப்பைப் பார்க்க வேண்டும்; கீழே விழுந்த ரீலாக இருந்தால் நடு அச்சு வளைந்திருக்கலாம். இந்த எண்ணிக்கை எதிலும் அடங்காமல், பல சுற்றுக்கு ஒரு முறை வந்து போகும் முட்டல் ஒன்றும் உண்டு. இரு சக்கரங்களின் பல் எண்ணிக்கை ஒன்றையொன்று வகுக்காதபடி அமைத்திருந்தால், ஒரு குறிப்பிட்ட பல் ஜோடி மறுபடி சந்திக்கப் பல சுற்றுகள் ஆகும். தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பரவட்டும் என்று வேண்டுமென்றே செய்யும் ஏற்பாடு அது. அப்படி அபூர்வமாக முட்டினால், இரு சக்கரத்திலும் ஒவ்வொரு பல் அடிபட்டிருக்கிறது என்று பொருள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கிரீஸ் சரி, உலோகம் மட்டும் களைக்காதா? பல லட்சம் தடவை சுழன்ற பல் எப்படிப் புதிதுபோல் இருக்கும்? கணக்கே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 40 வீச்சு, நாளுக்கு 5 மணி நேரம், ஆண்டுக்கு 30 நாள், மொத்தம் 20 ஆண்டு என்று கொண்டால் 1,20,000 வீச்சு. ஒரு வீச்சுக்குக் கைப்பிடி 20 சுற்று என்றால் 24 லட்சம் சுற்று. வளைகம்பி மூடியது 1,20,000 தடவை மட்டுமே. ஆனால் பழைய ரீல்களில் முதலில் உடைவது வளைகம்பியின் ஸ்பிரிங். இருபது மடங்கு உழைத்த பல்சக்கரம் அப்படியே நிற்கிறது. இதற்கு விடை 19ஆம் நூற்றாண்டின் நடுவில், ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று ஆராய்ந்த ஜெர்மானியர் ஆகுஸ்ட் வோலரின் சோதனைகளில் இருக்கிறது. உலோகத்தின் களைப்பு எத்தனை தடவை என்பதை மட்டும் பொறுத்ததன்று. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு இறுக்கம் தாங்குகிறது என்பதைப் பொறுத்தது. இறுக்கத்தைச் சற்றே குறைத்தால் ஆயுள் பல மடங்கு நீளும். வெறும் இரையையோ சிறு மீனையோ இழுக்கும் பல்லின் மேல் விழும் இறுக்கம் அற்பம். இடமில்லாத மூலையில் சில சுருளாக நெருக்கிச் செருகிய ஸ்பிரிங்கோ, ஒவ்வொரு தடவையும் தன் தாங்குதிறனின் விளிம்புவரை முறுக்கப்படுகிறது. உடைந்ததைப் பார்த்தால், முறிவு பெரும்பாலும் சுருளின் நடுவில் இருக்காது. ஸ்பிரிங்கின் கால் மடங்கும் கூர்வளைவில் இருக்கும், அல்லது துருப்பிடித்த ஒரு புள்ளியில். வயது எல்லாப் பாகங்களிலும் சமமாக ஏறுவதில்லை. இயந்திரம் தன் மூப்பை ஒரு சிறு கம்பியில் குவித்து வைத்துக்கொள்கிறது.

அதனால்தான் ஸ்பிரிங்கை மாற்றும்போது செய்யும் ஒரு தவறு அடிக்கடி வம்பில் முடிகிறது. உடைந்தது மெல்லிசு, அதனால் கொஞ்சம் தடித்த கம்பியில் செய்வோம் என்று தோன்றும். கம்பியின் விறைப்பு அதன் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 0.8 மில்லிமீட்டருக்குப் பதில் 0.9 போட்டால், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, விறைப்பு 60 சதவீதம் கூடிவிடும். வளைகம்பி எலிப்பொறிபோல அறைந்து மூடும். அந்த அடியை வாங்குவது ரோட்டரின் காது. அது மட்டுமா, அதே அளவு முறுக்கும்போது தடித்த கம்பியின் மேற்பரப்பில் இறுக்கமும் அதிகம், ஆக அது சீக்கிரம் உடையும். செய்வதானால் பியானோ கம்பியை அதே தடிமனில் எடுத்து, தேவையான சுருளைவிடச் சற்றுச் சிறிய கம்பத்தில் சுற்ற வேண்டும், விட்டதும் அது கொஞ்சம் விரியும் என்பதால். பிறகு சமையல் அடுப்பு எட்டும் 230 பாகை செல்சியஸ் அளவில் அரைமணி நேரம் வைத்தால், வளைத்தபோது உள்ளே தங்கிய இறுக்கம் தணியும். கால் மடங்கும் இடத்தை இடுக்கியின் கூர்முனையில் ஒடிக்காமல் உருண்டையாக வளைப்பதுதான் முக்கியம்.

டிராக்கின் கதையும் மென்பொருளின் மூப்புக் கதைதான் (கணினி மென்பொருளைச் சொல்லவில்லை, தோல், கம்பளி, நார் போன்ற மெல்லிய பொருள்களைச் சொல்கிறேன்). ஸ்பூலுக்குள் வாஷர்கள் அடுக்கியிருக்கும். ஒன்றின் காது ஸ்பூலின் பள்ளத்தில் மாட்டும், அடுத்ததன் தட்டைத் துளை அச்சோடு பொருந்தும், நடுவே மென்மையான வட்டு. இப்படி மாறி மாறி வருவதால்தான் ஒவ்வொரு முகமும் தனித்தனியாக உராயும், தடை பெருகும். வரிசை தப்பி அடுக்கினால் இரண்டு வாஷர்கள் சேர்ந்தே சுழன்று உராய்வு முகங்கள் குறைந்துவிடும். பிடி போதவில்லை என்று குமிழை முறுக்கிக்கொண்டே போவார்கள். அடுக்கு சரியாக இருந்தும் டிராக் திக்கித் திக்கி ஓடினால், மெல்லிய வட்டு காய்ந்து கண்ணாடிபோல் ஆகிவிட்டது என்று பொருள். நகரத் தொடங்கும் உராய்வுக்கும் நகரும்போதுள்ள உராய்வுக்கும் இடையே வேறுபாடு கூடும்போது டிராக் பிடித்துப் பிடித்து விடும்; மீன் பாயும் முதல் நொடியில்தான் நரம்பு அறும். தோல் வட்டை எண்ணெயில் ஊறவைத்தால் பெரும்பாலும் மீளும், கம்பளி வட்டை மாற்றிவிடலாம். இவ்வளவு செய்தும் ஒரு குறை மிஞ்சும், அது பழுதன்று, இயற்பியல். டிராக் தடுப்பது சுழற்சியை. நரம்பில் வரும் இழுவை ஸ்பூலின் ஆரத்தைப் பொறுத்தது. நரம்பு ஓடி ஓடி 45 மில்லிமீட்டர் விட்டம் 30 ஆகச் சுருங்கினால், ஒரு கிலோவுக்கு வைத்த டிராக் ஒன்றரைக் கிலோ இழுக்கும். இதைப் பழுதென்று நினைத்துக் கழற்றியவர்கள் உண்டு.

பழுதுபார்ப்பவர் கையால் வரும் சேதம் காலத்தால் வரும் சேதத்தைவிடப் பெரிது என்றும் ஒரு கட்சி உண்டு. இதில் உண்மை இருக்கிறது. அலுமினிய உடலில் எஃகு மரையாணி, நடுவே உப்பு நீர்: ஒரு சின்ன மின்கலமே ஓடி, அலுமினியம் அரிக்கப்பட்டு, மரையில் வெள்ளைப் பொடியாக இறுகியிருக்கும். பலத்தைக் காட்டினால் ஆணியின் தலை வழுக்கும், பிறகு துளைபோட வேண்டியதுதான். இங்கும் சூடே உதவி. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 5 மில்லிமீட்டர் துளையை 80 பாகை சூடேற்றினால் ஆணிக்கும் துளைக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்கு இடைவெளி திறக்கும். கேட்டால் சிரிப்பு வரும் அளவு. ஆனால் இறுகிய பொடியின் பிடியை விடுவிக்க அது பெரும்பாலும் போதும், கூடவே ஊடுருவும் எண்ணெயும் நேரமும் சேர்ந்தால். கழுவுவதற்கு மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் போதும். கார சோடாக் கரைசலில் போட்டால் பிசுக்கோடு அலுமினியத்தையும் அது தின்னும். அசிட்டோன் பெயிண்டையும் குமிழையும் கரைக்கும். கழுவுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. சில ரீல்களின் வெண்கலப் புஷ், பொடியை அழுத்திச் செய்த நுண்துளைப் புஷ். தன் எண்ணெயைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கும். அழுக்கு போகக் கழுவும்போது அந்த எண்ணெயும் போய்விடும். வெதுவெதுப்பான எண்ணெயில் ஊறவைத்துத் திருப்பிக் கொடுக்காவிட்டால், பளிச்சென்று சுத்தமாக்கிய அந்த ரீல்தான் முதன்முறையாக உண்மையாகவே தேயத் தொடங்கும். புதுக் கிரீஸை அள்ளி அப்புவதும் அப்படியே. பல்லுக்கு கிரீஸ் வேண்டும். பின்சுழற்சியைத் தடுக்கும் நாக்குக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய்தான். அதைத் தள்ளும் ஸ்பிரிங் மயிரிழை போன்றது, கிரீஸில் சிக்கினால் நாக்கு விழாது, கைப்பிடி திடீரெனப் பின்னோக்கிச் சுழன்று விரலில் அடிக்கும்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று பாக்கி. இன்று நம் மேசைக்கு வரும் பழைய ரீல்கள் எல்லாம் தப்பிப் பிழைத்தவை. பல் தேய்ந்தவை என்றோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. பிழைத்தவற்றை மட்டும் பார்த்து ‘பல் தேய்வதில்லை’ என்பது, முதியோர் கூட்டத்தைப் பார்த்து அந்தக் காலத்தில் யாரும் இளமையில் சாகவில்லை என்பதுபோல் ஆகாதா? ஆகும். ஆகவே அந்தக் காலத்து ரீல் எல்லாமே உறுதி என்று நான் வாதாட வரவில்லை. மலிவான துத்தநாக வார்ப்புப் பல் போட்ட ரீல்கள் ஏராளமாக வந்தன, போயின. என் கூற்று மேசைக்கு வந்த ரீலைப் பற்றியது மட்டுமே: இறுகி நிற்கிறது என்பதை வைத்து அதைத் தேய்ந்தது என்று தீர்ப்பளிக்க முடியாது. புதியவை மேல் என்பதையும் மறுக்கவில்லை. இன்றைய ரீலில் ஒருவழி உருளைக் கிளட்ச் இருப்பதால் கைப்பிடியில் பின்னாட்டமே இராது. பழையதில் நாக்கு அடுத்த பல்லில் விழும்வரை சற்றே பின்வாங்கும். பழைய ரீல் நைலான் நரம்பின் காலத்தது. பின்னிய பாலிஎதிலீன் நரம்பைச் சுற்றினால், வளைகம்பியின் ஓரத்தில் நரம்பைத் தாங்கும் சிறு உருளை சுழலாமல் நின்றுவிட்டிருந்தால் அதில் அது பள்ளம் பறிக்கும், அந்தப் பள்ளம் திரும்ப நரம்பை அறுக்கும். நைலானே சுற்றினாலும் அந்தச் சிறு உருளை சுழல்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

சரி, துணியில் தங்கப்பொடி மின்னியேவிட்டது, அப்புறம்? ஆபு கார்டினல், ஜெர்மனியின் டாம் குயிக் போன்றவற்றில் திருகுப் பல் இருக்கும். அதில் பல்லின் மேல் பல் வழுக்கிச் செல்வதால், எஃகோடு உரசும் வெண்கலம் மெல்ல மெல்லத் தன்னைக் கொடுக்கும். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் விரைவாகவே கொடுக்கும். தேய்வு கொஞ்சம் என்றால், அச்சின் ஓரத்தில் 0.1 மில்லிமீட்டர் வாஷர் ஒன்றைச் செருகிப் பல்லை நெருக்கிவிடலாம். பல்லின் முனை கத்திபோல் கூர்மையாகிவிட்டால் வாஷருக்கு அங்கே வேலை இல்லை. அதே மாதிரியின் இன்னொரு ரீலைத் தேடி, உடல் உடைந்ததோ அச்சு வளைந்ததோ எதுவானாலும், அதிலிருந்து சக்கரங்களை எடுக்க வேண்டும். எடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும், ஒன்றை மட்டும் அல்ல. இரண்டும் பல்லாண்டுகள் ஒன்றோடொன்று உரசி ஒன்றின் வடிவத்துக்கு மற்றொன்று பழகியவை. ஜோடியைப் பிரித்து வேறொன்றோடு சேர்த்தால் காப்பிக் கொட்டை அரைப்பதுபோல் கறகறவென்று கத்தும். சக்கரத்தைக் கொடுத்த ரீலில் மிச்சமிருக்கும் நாக்கையும் மரையாணிகளையும் காது முறியாத வாஷர்களையும் ஒரு டப்பாவில் போட்டு, மாதிரி எண்ணை மேலே எழுதி வைத்துவிட வேண்டும். அந்த மரையாணிகளில் பாதி, கடையில் இன்று கிடைக்காத அளவு.